பணகுடி வரைக்கும் ஒரு வண்டி

பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடியில் அப்பா அம்மா இருக்கிற வீட்டு வாசல் வரைக்கும் ஏறக்குறைய 640 கிலோமீட்டர். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் சேலத்துப் பக்கம் எங்காவது இட்லி, மதுரையை ஒட்டி மதியச் சாப்பாடு, வெயில் இறங்கும் நேரத்துக்கு ஊர். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. இருந்தாலும் வருடத்துக்கு நாலைந்து முறையாவது பைக்கில்தான் போகிறேன். அதில் பாதித் தடவை மனைவியும் கூட வருவாள்.

பத்து வருடம் ஓட்டிய 350 சிசி வண்டியை மாற்றலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். மண் சாலையும் தாங்குகிற உயரமான அட்வெஞ்சர் டூரரா, தார்ச்சாலையில் வேகமாகத் தொலைதூரம் போகிற தாழ்ந்த ஸ்போர்ட் டூரரா? அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வந்தது. "மச்சி, நம்ம ரோட்டுக்கு அட்வெஞ்சர்தான் செட் ஆகும்." நானும் அப்படித்தான் நம்பினேன். பெங்களூருவில் ஒரு மழைக்காலம் பைக் ஓட்டிய யாரும் அப்படித்தான் நம்புவார்கள்.

இரண்டும் எப்படிப் பிறந்தன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் முன்னோடி என்று பொதுவாகச் சொல்லப்படும் வண்டிகள் ஒரே நிறுவனத்திலிருந்து, நாலு வருட இடைவெளியில் வந்தவை. 1976-ல் பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ் வந்தது. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடிவமைத்த முழு ஃபேரிங்கோடு, அதாவது காற்றைத் தடுக்கும் முன் மூடியோடு, விற்பனைக்கு வந்த வண்டி அது. வேகமாகவும் போக வேண்டும், நாள் முழுக்கவும் போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1980-ல் வந்தது ஆர் 80 ஜி/எஸ். ஜெர்மன் மொழியில் ஜி கரடுமுரடான நிலத்தைக் குறிக்கும், எஸ் சாலையைக் குறிக்கும். அடுத்த வருடமே பாலைவனம் கடக்கும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் ஹூபேர் ஓரியோல் அந்த வண்டியில் ஜெயித்தார். முதல் வண்டி காற்றோடு போராடப் பிறந்தது, இரண்டாவது நிலத்தோடு. இன்றைக்கும் ஷோரூமில் பார்க்கிற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

நிலத்தோடு போராடும் வண்டிக்குச் சஸ்பென்ஷன் நீளமாக வேண்டும். சஸ்பென்ஷன் நீண்டால் வண்டி உயரும், சீட் உயரும். முன்சக்கரம் 19 அல்லது 21 அங்குலம் இருந்தால் பள்ளத்தில் விழாமல் அதன் மேலே உருண்டு போகும். காற்றோடு போராடும் வண்டிக்கு இரண்டு பக்கமும் 17 அங்குலச் சக்கரம், அகலமான டயர், தாழ்ந்த உடம்பு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரும் இருக்கை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்குத் தரையிலிருந்து அடிவயிறு வரை 230 மில்லிமீட்டர் இடைவெளி, கவாசாகி நிஞ்ஜா 650-க்கு 130. இந்தப் பத்து சென்டிமீட்டர்தான் எங்கள் தெரு முனையில் இருக்கிற ஸ்பீட் பிரேக்கரின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியை விற்பதற்கு முன்னால் ஒரு வருடம் நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். எங்கே ஓட்டினேன், எத்தனை கிலோமீட்டர், எப்படிப்பட்ட சாலை. மொத்தம் 11,000-ஐ ஒட்டி வந்தது. அதில் மண், சரளை, ஆற்றுப் படுகை என்று சொல்லத்தக்கது 40 கிலோமீட்டர்கூட இல்லை. அதுவும் பெரும்பாலும் மேட்டூர் பக்கமும் எங்கள் ஊர்த் தோட்டத்துப் பாதையிலும். இதைப் பார்த்ததும் 'அப்படியானால் ஸ்போர்ட் டூரர்தானே' என்று தோன்றியது.

ஆனால் நம்மைப் படுத்துவது பெரும்பாலும் தார்ச்சாலைதான். தார் போட்டிருப்பார்கள், நடுவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடியிருப்பார்கள். மேம்பால வேலைக்காக நெடுஞ்சாலையைச் சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள், அதில் லாரிச் சக்கரம் போட்ட வரப்பு முழங்கை ஆழத்துக்கு இருக்கும். மைசூருப் பக்கம் போனால் இன்னொரு கதை. 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் பைக்குகளுக்கு அனுமதி இல்லை. வேகத்துக்கென்று போட்ட சாலையில் வேகமான பைக் போக முடியாது, வேகத்தடைகள் நிறைந்த பக்கச் சாலையில்தான் அதுவும் போக வேண்டும். அந்த வழியாக வாரம் ஒருமுறை போகிறவருக்கு நான் அட்வெஞ்சர் வண்டியைத்தான் சொல்வேன், இரண்டாவது யோசனையே வேண்டாம்.

என் வழி அது இல்லை. என் வழி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதனால் நண்பர்கள் இருவரிடம் ஆளுக்கொரு வண்டி கடன் வாங்கினேன். பெட்ரோலும் சர்வீஸ் செலவும் என்னுடையது. ஒரே சாலை, ஒரே ஆட்கள், ஒரே சாமான், இரண்டு வண்டி.

முதலில் ஜூலையில் அட்வெஞ்சர். இரட்டை சிலிண்டர், 21 அங்குல முன்சக்கரம், சீட் உயரம் 850 மில்லிமீட்டருக்கு மேல், எடை 220 கிலோவைத் தாண்டியது. நான் ஐந்தடி ஏழு அங்குலம். தனியாக உட்கார்ந்தால் இரண்டு காலின் நுனி விரல்களும் தரையைத் தொட்டன. சரி, பழகிவிடும் என்று நினைத்தேன்.

ஓடத் தொடங்கிய பிறகு அந்த வண்டியை வெறுக்க யாராலும் முடியாது. ஓசூர் சாலையின் பள்ளங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. கார்களின் கூரைக்கு மேலே கண் இருக்கிறது, நாலு வண்டிக்கு முன்னால் யார் பிரேக் பிடிக்கிறார் என்று தெரிகிறது. முதுகு நேராக, முழங்கால் விரிந்து, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பின்னால் இருந்த மனைவிக்கு இன்னும் சொகுசு. அகலமான சீட், காலை ரொம்ப மடக்க வேண்டாம், பின்னால் சாய்ந்துகொள்ளப் பெட்டி. பரமத்தி வேலூர்க் காவிரிப் பாலம் வரைக்கும் அவள் தூங்கிவிடுவாளோ என்ற பயம்தான் எனக்கு.

கோவில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் பஞ்சர். ஸ்போக் சக்கரத்தில் கம்பிகள் ரிம்மைத் துளைத்துப் போகின்றன, அதனால் காற்றை அடைத்து வைக்கப் பெரும்பாலும் உள்ளே ட்யூப் வேண்டியிருக்கிறது. அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும், அது அதன் பலம். ஆணி ஏறினால் சக்கரத்தையே கழற்ற வேண்டும், அது அதன் விலை. ஹிமாலயன் 450 கூட 2023-ல் ட்யூப் டயரோடுதான் அறிமுகமானது, ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வெயில், சக்கரத்தைக் கழற்றத் தெரிந்த பஞ்சர் கடைக்காரர் வந்து சேர ஒரு மணி நேரம், வேலை முடிய இன்னொரு மணி நேரம். கம்பிகள் இல்லாத அலாய் சக்கரத்தில் ட்யூப்லெஸ் டயர் இருந்திருந்தால், பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கி வைத்திருந்த பஞ்சர் கிட்டை வைத்து, ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் சொருகி, பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். புதிதாக வண்டி பார்க்கிற எல்லாரும் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் ட்யூப்பா ட்யூப்லெஸா என்று கேளுங்கள்.

கயத்தாறு தாண்டியதும் காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகளில் புகுந்து வருகிற காலம் அது. எங்கள் ஊரே அந்தக் காற்றின் வாயில் இருக்கிறது. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி எல்லாம் ஒரே வரிசை. சின்ன வயதிலிருந்து சைக்கிளில் அந்தக் காற்றோடு பழகியவன் நான். ஆனாலும் வள்ளியூருக்கு அப்புறம் அந்த உயரமான வண்டியும், நிமிர்ந்து உட்கார்ந்த நாங்கள் இருவரும், இரண்டு பக்கமும் மாட்டிய பெட்டிகளும் சேர்ந்து ஒரு பாய்மரம் ஆகிவிட்டோம். காற்று உடம்பைத் தள்ளுகிறது, உடம்பு கையைத் தள்ளுகிறது, அகலமான ஹேண்டில்பார் அந்தத் தள்ளலை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது, வண்டி நெளிகிறது. பிடியைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டால் குறையும். குறையும், போகாது. எதிரே வந்த ஒரு லாரி காற்றை மறைத்துவிட்டுப் போன நொடியில் அரை வழித்தடம் நகர்ந்து போனோம்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். "ஏல, என்னடே இது, ஒட்டகம் மாதிரில்லா நிக்கி?" என்றார். அம்மா ஒரு தரம் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டாள். கால் தூக்கிப் போட முடியவில்லை.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரியில் விழுந்தோம். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. பெட்ரோல் பங்குக்குள் நுழைகிற இடம், சர்வீஸ் ரோட்டிலிருந்து லேசான சரிவு. குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்தது, நிறுத்தினேன், இடது காலை ஊன்றினேன். கால் போன இடத்தில் தரை இல்லை. சரியாகச் சொன்னால் தரை இருந்தது, மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. அதுவே போதும். வண்டி ஒரு கோணம் வரைக்கும் சாய்ந்தால் கால் தாங்கும், அதைத் தாண்டினால் யாராலும் தாங்க முடியாது. 220 கிலோ, நிறைந்த பெட்டிகள், பின்னால் ஒரு ஆள், எல்லாம் உயரத்தில். மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாய்ந்தது. பெட்டி முதலில் தரையைத் தொட்டதால் அவள் கால் அடியில் மாட்டவில்லை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. பங்கு ஊழியர்கள் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அத்திப்பள்ளி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரவு, முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள்: "உசரத்துல உக்காந்தா ரோடு நல்லாத் தெரியுதுங்க. ஆனா நீங்க நிப்பாட்டும்போதெல்லாம் எனக்கு வயித்தப் பிசையுது. இன்னைக்கி மட்டுமில்ல, போகும்போதும் அப்பிடித்தான்."

அந்த வாக்கியத்துக்கு அப்புறம்தான் நான் கேள்வியையே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். அடுத்த வாரம் அலுவலகம் போகும் வழியில் எண்ணினேன். எங்கள் வீட்டிலிருந்து சில்க் போர்டு சந்திப்பு வரைக்கும் 43 முறை கால் ஊன்றியிருக்கிறேன். வருடத்துக்கு 40 கிலோமீட்டர் மண் சாலை, ஒரு காலை நேரத்துக்கு 43 தடவை தரை. இந்த இரண்டில் எதற்கேற்ற வண்டியை நான் தேட வேண்டும்? பைக் பற்றிப் பேசும்போது நாம் ஓட்டத்தை மட்டுமே பேசுகிறோம். நிறுத்துவது, தள்ளுவது, திருப்புவது, சரிவில் சைடு ஸ்டாண்ட் போடுவது, ஒருவரை ஏற்றி இறக்குவது, இதெல்லாம் பேச்சில் வருவதே இல்லை. நம் ஊரில் பின்சீட்டு காலியாகப் போவது அபூர்வம். மனைவி, குழந்தை, ரயில் நிலையத்துக்குப் போகும் மாமனார், யாராவது இருப்பார்கள். சீட் உயரம் ஓட்டுகிறவரின் தன்னம்பிக்கையைப் பொறுத்தது என்று சொல்லும் அறிவுரையில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் கணக்கில் இல்லை.

பொங்கலுக்கு ஸ்போர்ட் டூரரில் போனோம். 1000 சிசி, நான்கு சிலிண்டர். கால் முழுதாக ஊன்ற முடிந்த அந்த முதல் நிமிடமே தோள் தளர்ந்துவிட்டது. எடை கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் கீழே இருக்கிறது. சிக்னலில் சாய்ந்தாலும் இடுப்பே பிடித்துக்கொள்கிறது.

தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறங்கும்போது பொழுது விடிந்துகொண்டிருந்தது. லாரிகள் கியரில் முனகிக்கொண்டே இறங்குகிற அந்த இறக்கத்தில் எத்தனை விபத்துகள் என்று அந்த வழி போகிற எல்லாருக்கும் தெரியும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நீளமாக உள்ள வண்டியில் பிரேக் பிடித்தால் முதலில் மூக்கு குனியும், அப்புறம்தான் வண்டி நிற்கும். இதில் குனியவே இல்லை, விரல் வைத்த இடத்தில் பிடித்தது. வளைவில் அகலமான முன் டயர் சாலையை விடவே இல்லை. நாமக்கல், கரூர், திண்டுக்கல் எல்லாம் அதிர்வே தெரியாமல் பின்னால் போயின. இந்தச் சாலையில் பைக்குக்குச் சட்டப்படியான வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அப்படியானால் நூற்று நாற்பது குதிரைத்திறன் எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 60-ல் போகிற இரண்டு லாரிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க, அவ்வளவுதான். அதற்கு எழுபது எண்பது குதிரைத்திறனே தாராளம் என்பது என் அனுபவம். மிச்சம் வெறும் சூடு.

அந்தச் சூட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திரும்பி வந்த மாலை, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பொம்மனஹள்ளி வரைக்கும் நெரிசல். ரேடியேட்டர் விசிறி போட்டுத் தள்ளிய காற்று தொடைக்கு நேராக வந்தது. ஜனவரியில் அப்படி என்றால் ஏப்ரலை நினைத்துப் பார்க்க முடியவில்லை. தெரு முனை ஸ்பீட் பிரேக்கரில் இருவரோடும் சாமானோடும் ஏறியபோது அடிவயிறு உரசிய சத்தம் எனக்கே வலித்தது. அவள் சொன்னது: "ஏறி எறங்க இதுதான் சுலபம். ஆனா உக்காந்தா முட்டி நெஞ்சுல இடிக்கி." மதுரைக்கு அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தச் சொன்னாள். எனக்கும் மணிக்கட்டு இரண்டு நாளைக்கு வலித்தது.

ஆக, ஓட்டத்தில் பின்சீட்டுக்கு அட்வெஞ்சர், நிற்கையில் இரண்டு பேருக்கும் ஸ்போர்ட் டூரர். பள்ளத்துக்கு அது, காற்றுக்கு இது.

லடாக்? எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். எனக்கும் ஆசை உண்டு. ஆனால் வாழ்க்கையில் ஒருமுறை போகிற பத்து நாளுக்காக மற்ற எல்லா நாளும் நுனிக்காலில் நிற்க எனக்குச் சம்மதமில்லை. லேயில் வாடகைக்கு வண்டி கிடைக்கிறது.

அதற்கப்புறம் ஷோரூம்களில் நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன், இரண்டு பேரும் ஷூ போட்டுக்கொண்டு போனோம். ஷோரூம் தரை வழவழப்பான டைல்ஸ், சமதளம். அங்கே உட்கார்ந்து பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்து, அவளை ஏற்றி, சரிவான ஒரு இடம் தேடி, மூக்கு மேலே பார்க்க ஒருமுறை, கீழே பார்க்க ஒருமுறை நிறுத்தினேன். அவளை இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்துப் பத்தடி பின்னுக்குத் தள்ளினேன். முழு வளைவில் ஒரு யூ-டர்ன். இவ்வளவும் பதினைந்து நிமிடம். விற்பனையாளர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

ஹிமாலயன் 450 மனதை ரொம்ப இழுத்தது. 825 மில்லிமீட்டர் சீட், 196 கிலோ, முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், 40 குதிரைத்திறன். நான் தனியாகப் பயணம் செய்கிறவனாக இருந்தால், அல்லது என் ஊர் பர்கூர் மலைப் பக்கம் இருந்தால், அன்றைக்கே முன்பணம் கட்டியிருப்பேன். ஒற்றை சிலிண்டரில் இருவரும் பெட்டிகளுமாகப் பன்னிரண்டு மணி நேரம் என்பதுதான் தயக்கம். ஹோண்டா என்எக்ஸ்500 அதே எடை, இரட்டை சிலிண்டர், 19 அங்குல முன்சக்கரம், ரொம்ப மென்மையான வண்டி. யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லக்கூடியது. கவாசாகி வெர்சிஸ் 650 இரண்டு பக்கமும் 17 அங்குலம், 21 லிட்டர் டேங்க், ஆனால் 845 மில்லிமீட்டர் சீட்டில் கிருஷ்ணகிரி ஞாபகம் வந்துவிட்டது. சீட் நுரையைச் செதுக்கி இரண்டு சென்டிமீட்டர் குறைத்துத் தரும் கைகாரர்கள் பெங்களூருவில் உண்டு. குறைத்தால் முழங்கால் அதிகம் மடங்கும், நீளப் பயணத்தில் அது தெரியும்.

கடைசியில் எடுத்தது ட்ரையம்ஃப் டைகர் ஸ்போர்ட் 660. பேரில் டைகர் இருந்தாலும் அது மலைப் பாதைக்கான வண்டி இல்லை. மூன்று சிலிண்டர், 81 குதிரைத்திறன், 17 அங்குல அலாய் சக்கரங்கள், ட்யூப்லெஸ் டயர், 206 கிலோ, 835 மில்லிமீட்டர் சீட். நிமிர்ந்து உட்காரும் ஸ்போர்ட் டூரர் என்று சொல்லலாம். அவளை ஏற்றியதும் சஸ்பென்ஷன் அமுங்கி, என் இடது பாதத்தின் முன்பாதி முழுக்கத் தரையில் பதிந்தது. சரிவில் நிறுத்தியபோது திரும்பிப் பார்த்தேன். "இதுல பயமில்லங்க" என்றாள். சஸ்பென்ஷன் 150 மில்லிமீட்டர்தான், பெங்களூரு மழைக்காலத்தில் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கித்தான் போக வேண்டும், ஹிமாலயன்காரர் நேராக ஏறிப் போவார். மேட்டூர்ப் பக்கத்து மண் பாதைகளை நான் விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இருக்கிறது.

மார்ச் கடைசியில் முதல் முறையாக ஊருக்கு எடுத்துப் போனேன். தனியாகத்தான், பெட்டி மாட்டாமல். நாலரைக்கு வீடு. அப்பா வழக்கம்போல ஒரு சுற்று சுற்றி வந்தார், பின்சீட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். மூட்டு வலியால் ரெண்டு வருடமாக அவர் பைக்கில் ஏறுவதில்லை. திண்ணையை ஒட்டி நிறுத்தச் சொன்னார். திண்ணையில் ஏறி நின்று, என் தோளைப் பிடித்து, காலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போல, காவக்கிணறு வரைக்கும் போய்ட்டு வருவோம்."

காவல்கிணறு விலக்கில் டீ குடித்தோம். காற்றாலை இறக்கைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஜூலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்க வேண்டும்.